வெல்லச நாட்டில் ஒரு நாள்

“இலங்கையில் மிதக்கும் சந்தை எங்கேனும் உண்டா?” என்று கேட்டான் நண்பரின் மகன். சென்ற ஆண்டு தாய்லாந்துக்குப் போய்வந்தவன் அவன். பாங்கொக் நகருக்கு அப்பால் தம்னொன் சதுவாக் என்னுமிடத்தில், 1860களில் நான்காம் இராம மன்னன் காலத்தில் வெட்டப்பெற்ற கால்வாயிலே, ஓடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு விற்கும் பெண்களையும், மாம்பழக் குவியலோடு துடுப்பு வலிக்கும் கிழவிகளையும் கண்டு வந்திருந்தான். கண்ட நாளிலிருந்து அவனுக்கு அதே நினைவு. காஷ்மீரத்துத் தால் ஏரியிலும் விடியுமுன்னே காய்கறிப் படகுகள் கூடிக் கலையும் என்று கேள்வி. நம் கொழும்பிலும் புறக்கோட்டையில் 2014-ம் ஆண்டு ‘மிதக்கும் சந்தை’ என்ற பெயரோடு ஒரு கடைத்தொகுதி திறக்கப்பட்டது. ஆனால் அவன் கேட்டது அதுவன்று. நாட்டுப்புறத்துச் சந்தை, பழமையான சந்தை, மக்கள் தம் வாழ்வுக்காகக் கூடும் சந்தை அவனுக்கு வேண்டும்.

“ஊவாவுக்கு வா. தண்ணீரில் மிதக்காத சந்தையொன்று காட்டுகிறேன்” என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தின் பயனாகவே இந்தப் பிரயாணம் நிகழ்ந்தது. நண்பர் குடும்பமும் எங்கள் குடும்பமுமாகப் பதினொருவர். பண்டாரவளையில் ஒரு வான் வண்டி அமர்த்தினோம். வழிகாட்டியாக வந்தவர் புத்தளைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ் அவருடையது. இலக்கணம் இடறினாலும் இனிமை இடறவில்லை. அன்றையப் பயணத்தின் ஒழுங்கை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். தியலும நீர்வீழ்ச்சி, புதுருவகல, யுதகனாவ, மாளிகாவில, இறுதியாக மொனராகலைச் சந்தை. “எல்லாம் ஒரு பகலில் முடியும், மாஸ்டர். ஆனால் எங்கேயும் நேரம் பிந்தக்கூடாது” என்று எச்சரித்தார்.

நேரம் பிந்தியது. அது பிந்திய இடம் அவருடைய தாளில் இல்லாத இடம்.

மலை இறங்கும் பாதை

அப்புத்தளையைத் தாண்டிப் பெரகலைச் சந்தியை அடையும்போது பொழுது புலர்ந்தது. கொழும்புப் பாதை ஒருபுறம் பிரிய, வெல்லவாயப் பாதை மறுபுறம் சரிந்து இறங்குகிறது. மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் வாயில் என்று அவ்விடத்தைச் சொல்லலாம். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடும் குளமும் கலந்த தாழ்நிலம். வானம் தெளிந்த காலையில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலும் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தோன்றும். தேயிலை மெல்லமெல்லக் குறைந்து, ரப்பரும் மிளகும் வாழையும் தலைகாட்ட, காற்றிலே குளிர் தளர்ந்துகொண்டே வருகிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றி வைக்கும்படி செய்யும் பாதை இது.

கொஸ்லந்தையை நெருங்கியபோது, எங்களோடு வந்த என் மூத்த சகோதரி, “வண்டியைச் சற்றே நிறுத்தச் சொல்லு தம்பி. மீரியபெத்தைக்குப் போக வேண்டும்” என்றார்.

வழிகாட்டி தம் தாளைப் பார்த்தார். அதில் மீரியபெத்தை இல்லை. தியலுமவில் கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அக்காள் மறுமொழி கூறவில்லை. கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவுமில்லை. வண்டி கிளைப்பாதையில் திரும்பியது.

வாசகர்களில் பலர் அந்நாளை மறந்திருக்கமாட்டார்கள். 2014-ம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29-ந் திகதி, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரம். ஐப்பசி மழை ஓயாமல் பெய்து மலையின் வயிற்றை ஊற வைத்திருந்தது. காலையில், வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், தோட்டத்துக்கு மேலிருந்த சரிவு பெயர்ந்து இறங்கியது. கணப்பொழுதில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி ஓடிவந்தபோது, வீடிருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. தோண்டித் தோண்டிப் பார்த்தும் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்களுக்கு அந்த மலையே சமாதி. அச்சரிவு ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி பின்னர் வெளியாயிற்று. எச்சரித்தவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் கேட்டார்கள். ஆனால் வேறு காணி இல்லாத குடும்பம், எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போய்க் குடியிருக்கும்? உயிர் தப்பியவர்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது பேரழிவு நடந்த பின்னரே.

இப்போது அந்தச் சரிவில் புல்லும் புதரும் மண்டியிருக்கின்றன. தெரியாதவன் பார்த்தால் பசுமையான மலைச்சரிவு, அவ்வளவுதான். அக்காள் கொண்டுவந்திருந்த கற்பூரத்தை ஒரு கல்லின்மேல் ஏற்றினார். அவருடைய பள்ளித் தோழியின் குடும்பம் அங்கே இருந்தது. கற்பூரம் எரிந்து அடங்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இது நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மாஸ்டர். உதவிக்கு அரிசியும் உடுப்பும் சேர்த்துக் கொடுத்தோம். ஆனால் இடம் எதுவென்று எனக்குத் தெரியாது” என்றார். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு எத்தனையோ தடவை இந்தப் பாதையால் போய்வந்தவர் அவர்.

தியலுமவும் புதுருவகலவும்

தியலுமவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 220 மீற்றர் உயரம். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த நீர்வீழ்ச்சி. முதலாவதான பம்பரகந்தையும் இதே ஊவா மலைச் சரிவில்தான் இருக்கிறது. பூனாகலை ஓயா பாறை விளிம்பிலிருந்து ஒரே வீச்சாக விழுந்து, பாதி வழியிலேயே புகையாகி, காற்று வீசும் திசைக்கெல்லாம் வளைகிறது. பாதை ஓரத்தில் நின்றே பார்க்கலாம். இளைஞர்கள் படமெடுத்து முடியும்வரை மற்றவர்கள் சுடச்சுட இறுங்குச் சோளம் தின்றோம்.

வெல்லவாயவைக் கடந்து, தணமல்வில பாதையில் சிறிது தூரம் சென்று, ஒரு குளக்கரையைச் சுற்றிக் காட்டுக்குள் நுழைந்தால் புதுருவகல. புத்தர் உருவம் பொறித்த பாறை என்பதே பெயரின் பொருள். படுத்திருக்கும் யானையின் முதுகைப்போல் எழுந்து நிற்கும் ஒரு பெரும்பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவிலே நிற்கும் புத்தர் 51 அடி உயரம். இருபுறமும் மும்மூன்று உருவங்கள். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளின் வேலை என்பது அறிஞர் கருத்து.

இலங்கையின் பௌத்தம் தேரவாதம் என்றே நாம் படித்திருக்கிறோம். இந்தப் பாறையோ மகாயானத்தின் சாட்சி. புத்தரின் வலப்புறத்துக் குழுவில் நடுநாயகமாக நிற்பவர் அவலோகிதேசுவரர். ஆயிரம் ஆண்டு மழைக்கும் கரையாத வெண்சாந்து அவர் மேனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருகே தாரை. இடப்புறத்தில் மைத்திரேயரும், கையில் வச்சிராயுதம் ஏந்திய வச்சிரபாணியும். புத்தரின் வலது பாதத்துக்கு அருகே சுடர் வடிவில் சிறிய குழியொன்று குடைந்திருக்கிறது. அதிலே கடுகெண்ணெய் மணம் எப்போதும் இருக்கும் என்று வழிகாட்டி சொல்ல, எங்கள் குழுவினர் ஒவ்வொருவராகச் சென்று விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தனர். மணம் வந்தது என்றார் சிலர், வரவில்லை என்றார் சிலர்.

அவலோகிதரைக் கண்டதும் எனக்கு வீரசோழியம் நினைவு வந்தது. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய அந்த இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடமே என்று கூறுகிறது. சைவர் சிவபெருமானைச் சொல்வர், பௌத்தரோ இவரைச் சொன்னார்கள். எப்படியாயினும், தமிழுக்கு ஆசான் என்று ஒரு காலத்துத் தமிழ்ப் புலவன் போற்றிய உருவம், ஒரு சிங்கள நாட்டுக் காட்டிலே, அருள் பொழியும் கண்ணோடு நிற்கிறது. இதை நான் வழிகாட்டிக்குச் சொன்னேன். “இது எங்கள் புத்தகத்தில் இல்லையே, மாஸ்டர்!” என்று வியந்து, உடனே தம் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அன்று அவர் எழுதிக்கொண்டதிலும் நான் எழுதிக்கொண்டதே அதிகம். அதை இனிச் சொல்கிறேன்.

நூறாயிரம் வயல்களின் கதை

வெல்லவாயவிலிருந்து புத்தளை நோக்கிச் செல்லும் பாதையில் வழிகாட்டியின் குரல் மாறியது. இது அவர் பிறந்த மண். “வெல் என்றால் வயல். லஸ்ஸ என்றால் லட்சம். வெல்லச என்பது லட்சம் வயல் இருந்த நாடு” என்று தொடங்கினார்.

இன்று மொனராகலை மாவட்டம், பரப்பளவில் இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம். 1959-ம் ஆண்டுவரை பதுளையோடு சேர்ந்திருந்தது. மொனர என்பது மயில், கல என்பது பாறை. தமிழில் மயிற்பாறை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கந்தன் கோயில் கொண்ட கதிர்காமமும் இந்த மாவட்டத்தில் அடங்கியிருப்பதால் மயில் என்ற பெயர் நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா, கிரிந்தி ஓயா ஆகிய ஆறுகள் இம்மண்ணில் ஓடினாலும் இது வறண்ட வலயம். வடகீழ்ப் பருவமழையை நம்பிக் குளம் நிரப்பி வாழ வேண்டிய நாடு. குளம் உடைந்தால் வயல் இல்லை. வயல் இல்லையேல் ஊர் இல்லை.

குளங்களை உடைத்த கதையைத்தான் அவர் சொன்னார்.

1815-ல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் வெல்லச நாட்டில் உப்பும் கருவாடும் சேர்ப்பது தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகள். கடற்கரையிலிருந்து உப்பு மூட்டைகளைச் சுமந்து காட்டுவழியே மலைக்கு ஏறி, பாக்கும் பிற விளைபொருளும் ஏற்றி இறங்கும். இத்தொழிலில் முஸ்லிம் மக்களே தேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரைத் தனியே முகாந்திரமாக ஆங்கில அரசு நியமித்தபோது, அதுவரை அம்மக்கள்மீது அதிகாரம் செலுத்திய சிங்களத் தலைவர்கள் தம் உரிமை பறிபோனதாகக் கருதினர். உள்ளே புகைந்துகொண்டிருந்த நெருப்புக்கு இதுவும் ஒரு காற்று. இதே காலத்தில் காட்டிலே ஒருவன் தோன்றி, தானே துரைசாமி என்றும், சிறைப்பட்ட மன்னனின் நாயக்கர் குலத்து உறவினன் என்றும் கூறி முடிக்கு உரிமை கோரினான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் சிங்களவன். அந்நியனை விரட்டத் துணிந்த வெல்லச மக்கள், தங்களைத் திரட்டுவதற்கு ஒரு தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இன்று நினைத்துப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

1817 செப்டெம்பரில், நிலைமையை அறியச் சென்ற பதுளை அதிகாரி வில்சன் அம்பு பட்டு மாண்டான். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, அரசு தந்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்துகொண்டார் என்று இன்றும் பெருமையோடு சொல்வார்கள். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படை பதிலடி கொடுத்தது. போர்க்களத்தில் மட்டுமல்ல, ஊர்களுக்குள்ளும். வீடுகள் எரிந்தன. களஞ்சியங்கள் எரிந்தன. மாடுகள் கொல்லப்பட்டன. பழமரங்கள் வெட்டுண்டன. குளமும் வாய்க்காலும் பாழாயின. வாளுக்குத் தப்பியவர்களைப் பசியும் காய்ச்சலும் கொண்டன. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆராய்ச்சி என்ற பெயரால் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் மண்டையோடு 1954-ல்தான் தாய்நாடு திரும்பியது.

“எங்கள் பாட்டியின் பாட்டி காலத்தில் இது நடந்தது. இன்னும் எங்கள் வீட்டில், குளத்தில் தண்ணீர் குறைந்தால் பெரியவர்கள் வெள்ளைக்காரனைத்தான் ஏசுவார்கள்” என்று சிரித்தார் வழிகாட்டி. சிரிப்பு வாயளவில் நின்றது.

நான் அறுபது ஆண்டுகளாக ஊவாவில் வாழ்கிறேன். கெப்பெட்டிப்பொல என்ற பெயரை அறிவேன். அந்தப் பெயரில் ஓர் ஊரும் வெலிமடைப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வெல்லசவின் பசியை அன்றுதான் கேட்டேன். காலையில் மீரியபெத்தையின் இடம் தெரியாது என்று அவர் சொன்னபோது என் மனத்தில் எழுந்த சிறு குறை அப்போது மறைந்துவிட்டது.

இரண்டு கதைகளும் வேறு வேறு அல்ல என்றும் தோன்றியது. கிளர்ச்சி அடங்கி இருபது ஆண்டுகள் ஆனபின், 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. கிராமத்தவன் சேனை வெட்டிய மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். ஒருவனிடமிருந்து நிலத்தை எடுத்த கை, மற்றொருவனை நிலமில்லாமல் அதன்மேல் குடியேற்றியது. பின்னர் 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த உழைப்பாளியை நாடற்றவன் ஆக்கிற்று. 1964-ம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடலுக்கு அப்பால் அனுப்ப வகை செய்தது. எஞ்சி நின்றவர்களின் வழக்கு 2003-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது. மலைக்கு மேலிருப்பவனும் மலைக்குக் கீழிருப்பவனும் ஒருவனை ஒருவன் காரணம் என்று எண்ணி எத்தனை காலம் வீணாயிற்று!

விழுந்ததும் எழுந்ததும்

புத்தளைக்கு அருகே யுதகனாவ. பெரும் தூபி ஒன்றின் அடித்தளம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் சுற்றளவு சுமார் 317 மீற்றர் என்றால், முழுமையாக நின்ற காலத்தில் அது எத்துணை உயர்ந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். துட்டகைமுனுவும் அவன் தம்பி சத்தாதிஸ்ஸனும் அரசுக்காகப் பொருத களம் இது என்பது ஐதிகம். யுத்தம் என்ற சொல் ஊர்ப் பெயரிலேயே ஒலிக்கிறது. எல்லாளனோடு பொருதவன் என்றே நாம் அறிந்த கைமுனு, அதற்கு முன் உடன்பிறந்தானோடு பொருதான் என்பதை இந்த மண் நினைவில் வைத்திருக்கிறது. மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டோம். எலுமிச்சைச் சோறும் பருப்புத் துவையலும் எங்களுடையவை. பலாக்கொட்டைக் கறியும் குரக்கன் ரொட்டியும் வழிகாட்டி வீட்டிலிருந்து வந்தவை.

அங்கிருந்து மாளிகாவில. காட்டுப் பாதையில் சிறிது நடந்தால் திடீரென மரங்கள் விலகுகின்றன. ஒரே சுண்ணக்கல்லில் செதுக்கிய புத்தர், சுமார் 38 அடி உயரத்தில், வானத்தை முதுகாகக் கொண்டு நிற்கிறார். புதுருவகலவில் உருவங்கள் பாறையோடு ஒட்டியவை. இதுவோ பாறையிலிருந்து முற்றும் விடுபட்டுத் தனித்து நிற்கும் சிலை. ஏழாம் நூற்றாண்டில் உறுகுணையை ஆண்ட அக்கபோதி என்னும் இளவரசன் செய்வித்தது என்பர். அதற்குச் சிறிது தொலைவில் தம்பேகொட. படிப்படியாக உயரும் மேடைமீது அவலோகிதேசுவரர், முடியும் அணியுமாக. அங்குள்ள தூண் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டு மன்னன் நான்காம் மகிந்தனுடையது.

இவ்விரு சிலைகளும் எக்காலத்திலோ வீழ்ந்து, நூற்றாண்டுகளாகக் காட்டில் கிடந்தன. புத்தரின் தலை உடலினின்று பிரிந்து கிடந்தது. போதிசத்துவரைப் புதையல் தேடியவர்கள் வெடிவைத்துத் துண்டு துண்டாக்கினர். கருணையே வடிவான மேனிக்குள் பொன் இருக்கும் என்று எண்ணிய மனிதரின் பேராசையை என்னென்பது! துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, பொருத்தி, இரண்டையும் மீண்டும் நிமிர்த்தியது 1991-ம் ஆண்டில். தம்பேகொடச் சிலையின் உடம்பெங்கும் ஒட்டுப்போட்ட கோடுகள் தெரிகின்றன. அவற்றை மறைக்காமல் விட்டதே நன்று. உடைந்ததும் உண்மை, எழுந்ததும் உண்மை.

அக்காள் நெடுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கல்லையே எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்கு விளங்கிற்று.

மிதக்கும் சந்தை

சூரியன் சாயும் நேரத்தில் மொனராகலைச் சந்தையை அடைந்தோம். சிங்களத்தில் பொல என்பார்கள். நம்மவர்களும் பேச்சில் அப்படியே வழங்குகிறார்கள். காலைக் கூட்டம் கலைந்து, மாலைப் பேரம் தொடங்கும் வேளை. தலைக்குமேல் நீலமும் சிவப்புமான பிளாஸ்டிக் விரிப்புகள் காற்றில் உப்பி உப்பித் தாழ்கின்றன. கீழே சாக்கின்மேல் சேனையின் செல்வமெல்லாம் குவிந்திருக்கிறது. குரக்கன், சோளம், கௌப்பி, எள், பயறு. சாம்பல் பூத்த பூசணிகள். வரி வரியான வெள்ளரி. மண் ஒட்டிய மரவள்ளிக் கிழங்கு. ஊர்ப் பெயராலேயே புகழ்பெற்ற பிபிலைத் தோடம்பழம். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர். வாழைச்சருகில் பொதிந்த கித்துள் கருப்பட்டி. சாராயப் போத்தலில் அடைத்த காட்டுத் தேன். ஒரு மூலையில் கருவாட்டு வரிசை. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களும் கையில் பொதியோடுதான் திரும்பினார்கள்.

இங்கே ஓடம் இல்லை. ஆனால் இந்தச் சந்தை மிதப்பதுதான். இன்று இங்கே கடை விரித்தவர், இரவோடு இரவாகக் கட்டி, நாளை வேறோர் ஊரில் விரிப்பார். மறுநாள் இன்னோர் ஊர். ஒவ்வோர் ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள். லொறியும் முச்சக்கர வண்டியும் ஓடங்கள். பாதையே கால்வாய். பொதிமாட்டுத் தவளம் மறைந்தாலும் அது போன தடத்திலேதான் இன்றும் உப்பும் கருவாடும் மேலேறுகின்றன, கிழங்கும் தானியமும் கீழிறங்குகின்றன. இதைச் சொன்னதும் நண்பரின் மகன் சற்று யோசித்தான். “தம்னொன் சதுவாக்கில் எல்லாரும் படம் எடுக்கத்தான் வந்திருந்தார்கள், மாமா. இங்கே எல்லாரும் வாங்க வந்திருக்கிறார்கள்” என்றான். அவன் கண்ட வேறுபாடு சரியானதே.

கருவாட்டுக் கடையில் ஒரு தமிழ் மூதாட்டி நெத்தலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேசிய மொழி சிங்களம். “விலையைக் குறை, மல்லி” என்று தம்பி முறை சொல்லி அதட்டினார். கடைக்காரச் சிங்களவரோ தமிழில், “கட்டாது அக்கா, கட்டாது” என்று கெஞ்சினார். பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் பெரியவரை இருவருமே ‘நானா’ என்று அழைத்து நடுவராக்கினர். அவர் ஒரு விலை சொன்னார். இருவரும் முணுமுணுத்து ஏற்றார்கள். அக்கா என்ற சொல் இரு மொழிக்கும் பொது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? 1817-ல் தவள வணிகரை ஆள்வது யார் என்ற பிணக்கு ஒரு கிளர்ச்சிக்கே காற்றூதிய நாட்டில், இன்று ஒரு கிலோ நெத்தலியின் வழக்கை மூன்று இனத்தவர் இரண்டு நிமிடத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

மூதாட்டியோடு பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து ரப்பர்த் தோட்டம். பால் வெட்டித் தேய்ந்த கைகள். தேயிலையைப்போலன்று ரப்பர். விடியுமுன் வெட்ட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் சம்பளம் இல்லை. “மழை பெய்தால் கீழ்நாட்டுக்காரருக்குச் சந்தோசம், எங்களுக்குப் பட்டினி. மழை பெய்யாவிட்டால் அவர்களுக்குப் பட்டினி. ஆண்டவன் யார் பேச்சைக் கேட்பார், ஐயா?” என்று சிரித்தார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “லயத்தில்தான். என் தாத்தா பிறந்த அதே காம்பரா. வீட்டுக்கு நம்பர் இல்லை. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும்” என்றார். தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. “பேச்சு வந்துவிட்டது. காணி பின்னால் நடந்து வருகிறது போலும்” என்று கூறி, நெத்தலிப் பொதியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்.

திரும்பும் வழி

இருட்டியபின் எல்லை வழியாக மலையேறினோம். வண்டியில் பலர் உறங்கிவிட்டனர். வழிகாட்டி முன்னிருக்கையில் சிறு விளக்கின் கீழ் தம் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். அவலோகிதரைப் பற்றி நான் கூறியதை மறுபடி கேட்டு எழுதினார். பின்னர் சிறிது தயங்கி, “மாஸ்டர், அடுத்த தடவை ஆட்களை அழைத்து வரும்போது மீரியபெத்தையில் நிறுத்தலாமா? அங்குள்ளவர்கள் மனம் நோவார்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. துயரம் நடந்த இடத்தைக் காட்சிப் பொருளாக்குவது பாவம். அதைக் கடந்துபோகும் ஒவ்வொருவரும் அறியாமலே போவதும் நல்லதன்று. அக்காள்தான் கண் திறவாமலே பதில் சொன்னார்: “நிறுத்துங்கள், தம்பி. படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.”

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊவாவுக்கு வருவோர் அப்புத்தளைப் பனியையும் எல்லை மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மலையிறங்கி வெல்லச நாட்டுக்கும் சென்று வாருங்கள். சந்தை கூடும் நாளைக் கேட்டறிந்து செல்லுங்கள். அந்த ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்கும் சொல்லுங்கள். மலையின் கதையை அறியாத சமவெளியும், சமவெளியின் கதையை அறியாத மலையும் இன்னும் எத்தனை காலம் அருகருகே இருப்பது? சந்தைக்கு வரும் நெத்தலியும் பூசணியும் இரு பக்கத்தையும் அறிந்திருக்கின்றன. வாங்கித் தின்னும் நாமும் அறிந்துகொள்வது முறை.

பண்டாரவளையை அடைந்தபோது இரவு ஒன்பது மணி கடந்துவிட்டது. வழிகாட்டி விடைபெறும்போது, பயணம் ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நாங்கள்தான் அவருக்கு நன்றி சொன்னோம்.